வெள்ளிக்கிழமை கழுதைகளுக்கு லீவு

இங்கிலாந்தின் பிளாக்பூல் கடற்கரையில் கழுதைச் சவாரி நடத்துகிறவள் பெரில். பக்கத்து டீக்கடை என்னுடையது. இங்கே வெள்ளிக்கிழமை கழுதைகளுக்கு ஓய்வு. அவள் அம்மா காலத்திலும் அப்படித்தான்.

போன வெள்ளி அவள் கொட்டகைக்குக் கேரட் கொண்டுபோயிருந்தேன். விடுதிக்காரர் கிளிஃபர்ட் இரண்டு குடும்பங்களோடு வந்து நின்றார். பெரிலுக்குப் பாதி வாடிக்கை அவர் விடுதியிலிருந்துதான்.

“பெரில், ஒரு மணி நேரம்தான். பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன்.”

“என்னைக் கேட்டா சொன்னே? இன்னைக்கு அதுங்க மேல யாரும் ஏறக்கூடாது.”

“கழுதைக்குக் கிழமை தெரியுமா? இனி என் ஆளுங்க ஒருத்தரும் உன்கிட்ட வரமாட்டாங்க, பாத்துக்க.”

பெரிலின் கழுத்து சிவந்தது. “வாக்குக் குடுத்தது நீதானே? மணல்ல மண்டி போட்டு நீயே சுமந்துட்டுப் போ. உன் முதுகுதான் வாரம் பூரா சும்மா கிடக்குதே.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கதவைப் படாரென்று சாத்தினாள்.

சொன்னதைச் செய்துவிட்டார் அந்த ஆள். சனிக்கிழமை அவருடைய விருந்தாளிகள் எல்லோரும் அவளைத் தாண்டி அடுத்த சவாரிக்காரனிடம் போனார்கள். நான் பெரிலிடம் ஒரு டீயை நீட்டினேன்.

“போகட்டும்,” என்றாள் பெரில், பல்லைக் கடித்தபடி. “அடுத்த வெள்ளியும் அதுங்க வெளிய வராது.”