தமிழ் தெரியாது என்று சொன்ன ஐயா

போன கிழமை லண்டன் டிஸ்ட்ரிக்ட் லைன் ரயிலில் எனக்கு எதிரே இருந்த ஒருவர் இருமினார். பக்கத்தில் இருந்த பெண் கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்தாள். இன்னொருவர் எழுந்து கதவருகே போய், அடுத்த ஸ்டேஷனில் இறங்கப் போகிறவர் மாதிரி நின்றார். அடுத்த ஸ்டேஷன் வந்தது, போனது. அவர் இறங்கவில்லை. நான் அசையாமல் இருந்தேன். இதில் வீரம் ஒன்றுமில்லை. இத்தனை வருடம் நேர்ஸாக வேலை செய்ததில், இருமலைக் கேட்டால் ஓடத் தோன்றுவதில்லை, காது கொடுக்கத்தான் தோன்றுகிறது. அது வெறும் தொண்டைக் கரகரப்பு.

இருமல் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு மணம். நேர்சிங் படித்த காலத்தில் நெஞ்சு நோய் வார்டில் பயிற்சிக்கு விட்டிருந்தார்கள். தனியறைகளுக்குள் போகும்போது வாத்துச் சொண்டு மாதிரி முன்னுக்கு நீண்ட ஒரு மாஸ்க் போடவேண்டும். காற்றுப் புகாமல் முகத்தை இறுக்கிப் பிடிக்கும். காலையில் அக்கா வீட்டில் புட்டும் சொதியும் சாப்பிட்டுவிட்டு வந்திருப்பேன். பிறகு மத்தியானம் வரைக்கும் என்னுடைய சொதியின் வெங்காய மணத்தை நானே சுவாசித்துக்கொண்டு திரிய வேண்டியதுதான்.

என் ஆங்கிலமும் அப்போது அப்படித்தான், எனக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. முதல் நாள் ஒரு வெள்ளைக்காரக் கிழவி என்னைப் பார்த்து, "பான், பான்" என்று கையை ஆட்டினா. எங்கள் ஊரில் ரொட்டியைப் பாண் என்போம்; பசிக்கிறதாக்கும் என்று ஓடிப்போய், பாண் துண்டுகளை வாட்டி, பட்டர் பூசிக் கொண்டுவந்து கொடுத்தேன். அவ கேட்டது கட்டிலில் படுத்தபடியே ஒன்றுக்குப் போகிற பானை. கிழவி பாணையும் பார்த்தா, என்னையும் பார்த்தா, பிறகு கட்டிலையும் நனைத்துவிட்டா. வார்டுக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் மோரீன் அயர்லாந்துக்காரி. சிரிக்காமல் என்னோடு சேர்ந்து விரிப்பை மாற்றினா. அந்த விரிப்போடுதான் எனக்கு அவவில் நம்பிக்கை வந்தது.

அந்த வார்டில்தான் ஐயாவைக் கண்டேன். அவருடைய பெயரை இப்போதும் சொல்ல மாட்டேன். ஐயா என்றே வைத்துக்கொள்வோம். காசநோய் என்று உறுதியாகி, ஓரத்துத் தனியறையில் படுக்க வைத்திருந்தார்கள். கதவில் இருந்த பெயரைக் கண்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். கிழமைக் கணக்காக வார்டில் ஒரு தமிழ்ச் சொல் கேட்காமல் இருந்தவள் நான். மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

"வணக்கம் ஐயா, எப்பிடி இருக்கிறியள்?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நெஞ்சில் குத்தியிருந்த பெயர்ப்பட்டையைப் பார்த்தார். பிறகு, "நோ தமிழ்" என்றார். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

அன்று பின்னேரம் சிஸ்டர் மோரீன் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டா. அந்தப் பெண் என் அறைக்குள் வரக்கூடாது என்று ஐயா சொல்லியிருக்கிறார். காரணம் சொல்லவில்லை.

"அவரிடம் என்ன சொன்னாய்?" என்று கேட்டா.

சுகம் விசாரித்தேன் என்றேன். அவ என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தா. பிறகு மெதுவாக, உன் நாட்டில் சண்டை நடந்ததல்லவா, உன் குடும்பத்துக்கும் அவருடைய குடும்பத்துக்கும் ஏதும் இருக்கிறதா என்று கேட்டா. அவவில் பிழையில்லை. ஆனால் விரிப்பு மாற்றிய அன்று பார்த்த பார்வை அல்ல அது.

சந்தேகம் அங்கிருந்து எனக்கும் தொற்றியது. யாழ்ப்பாணத்துப் பெயரை வைத்துக்கொண்டு தமிழ் தெரியாது என்கிற மனிதர் யார்? ஊரில் யாரையாவது காட்டிக்கொடுத்துவிட்டு ஒளிந்திருப்பவரோ? இன்னொருவருடைய பெயரில் வந்தவரோ? அந்தக் காலத்தில் லண்டனில் எங்களில் ஆளுக்கு ஒரு கதை இருந்தது. பாதிக் கதையைத்தான் சொல்வார்கள். மற்றப் பாதியைக் கேட்கிறவர்கள் தாங்களே கட்டிக்கொள்வார்கள். நானும் நன்றாகவே கட்டினேன். அவரைப் பார்க்க ஒரு இளம் பெண் வருவாள், தலையைச் சால்வையால் மூடிக்கொண்டு. நான் வாசலில் நின்றால் லிஃப்டுக்குத் திரும்பிப் போய்விடுவாள். நான் சாப்பாட்டு இடைவேளைக்குப் போனால் வருவாள். என் இடைவேளை அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று அதற்கும் ஒரு சந்தேகம்.

பிறகு ஒரு நாள் வேறு யாரும் கை ஓய்வாக இல்லை. சாப்பாட்டுத் தட்டை எடுக்க என்னையே போகச் சொன்னார்கள். அந்த அறைக்கு வெளியே மாஸ்க் போடுவதற்கென்று ஒரு சின்ன இடம் உண்டு. கதவு சரியாகச் சாத்தவில்லை. உள்ளே ஐயா போனில் கதைத்துக்கொண்டிருந்தார், சுத்தமான யாழ்ப்பாணத் தமிழில்.

"பேரனுக்கு இன்னும் இருமல் நிக்கேல்லையோ? இல்லைப் பிள்ளை, டொக்டரிட்டக் கொண்டு போகாதேங்கோ. ஆராவது கேட்டால் அப்பாக்கு நியூமோனியா எண்டு சொல்லு. உன்ர மாப்பிள்ளை பகுதிக்கு இது தெரிஞ்சால் எல்லாம் போச்சு."

நான் மாஸ்க் பட்டியைக் கையில் பிடித்தபடியே நின்றேன். தனியாக ஒரு அறை எடுத்து இருக்கிறேன், கூட யாரும் இல்லை என்று டொக்டர்களிடம் சொல்லியிருந்தவர் அவர். அதனால் வீட்டில் யாரையும் பரிசோதிக்கவில்லை. இப்போது அந்த வீட்டில் ஒரு குழந்தை இருமிக்கொண்டிருக்கிறது.

உள்ளே போனேன். என்னைக் கண்டதும் போனைப் போர்வைக்குள் வைத்தார்.

"ஐயா, தமிழிலயே கதைப்பம். குழந்தைக்கு எத்தினை வயசு?"

போர்வையின் ஓரத்தை இழுத்துவிட்டார். பிறகு, "இன்னும் நடக்கத் தொடங்கேல்லை" என்றார்.

"அந்த வயசில இது மூளைக்குப் போனால் பிறகு ஒண்டும் செய்யேலாது."

"நீர் ஆற்ற பிள்ளை? எவடம்?"

ஊரைச் சொன்னேன். அவர் கண்ணை மூடினார். "இஞ்ச எங்க இருக்கிறீர்?"

"ஈஸ்ட் ஹாமில. அக்கா வீட்டில."

"அப்ப முடிஞ்சுது" என்றார். "சின்னவளுக்குக் கலியாணம் பேசி வந்திருக்கு. அவையளும் ஈஸ்ட் ஹாம்தான். கசம் பிடிச்ச வீடு எண்டு தெரிஞ்சால் ஆர் பிள்ளை வருவினம்?"

"நான் சிஸ்டருக்குச் சொல்லத்தான் வேணும், ஐயா. ஊருக்குச் சொல்லமாட்டன்."

"வெள்ளைக்காரிக்குச் சொன்னால் அவவோட நிக்கும். உம்மட வாய்க்குத்தான் நான் பயந்தது."

தட்டை எடுத்துக்கொண்டு வந்து, நேரே சிஸ்டர் மோரீனிடம் போய்ச் சொன்னேன். அவ கேட்டு முடித்ததும் எழும்பினா, போனை எடுத்தா. வீட்டாரைப் பரிசோதிக்க ஆட்கள் போனார்கள். மூத்த மகளின் குழந்தைக்குத் தொற்றியிருந்தது. நேரத்தோடு பிடித்தபடியால் மருந்தோடு தேறிவிட்டான். அதைக் கேட்ட அன்று, துணி அடுக்கும் அறைக்குள் போய் நின்று கொஞ்சம் அழுதேன்.

கதை அங்கே முடிந்திருக்கலாம். ஐயா வீடு போய்ச் சில கிழமைகளில் கலியாணப் பேச்சுக் குழம்பியது. மாப்பிள்ளை பகுதிக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். வார்டில் ஒரே ஒரு தமிழ்ப்பிள்ளை இருந்தாள், அவள்தான் சொன்னாள் என்று ஐயா முறைப்பாடு கொடுத்தார். என்னை ஒரு அறையில் இருத்தி விசாரித்தார்கள். யாரோடு இருக்கிறாய், எந்தக் கோயிலுக்குப் போவாய், எந்தக் கடையில் சாமான் வாங்குவாய். ஒவ்வொரு பதிலும் என் வாயிலிருந்து வெளியே வந்ததும் குற்றம் மாதிரியே கேட்டது. ஈஸ்ட் ஹாமில் இருக்கிறவள் ஈஸ்ட் ஹாம் கடைக்குப் போகாமல் எங்கே போவாள்?

சிஸ்டர் மோரீன் எனக்காக வந்து இருந்தா. "இவள் சொன்னது என்னிடம் மட்டும். சொல்லாமல் விட்டிருந்தால் அந்தக் குழந்தை இல்லை" என்றா. விசாரணை முடிவில், ஆதாரம் இல்லை, படிப்பைத் தொடரலாம் என்றார்கள். ஆதாரம் இல்லை என்பது வேறு, நீ செய்யவில்லை என்பது வேறு. அந்த வித்தியாசம் எனக்கு அக்காவின் முகத்திலேயே தெரிந்தது. "எனக்கும் ஒண்டும் சொல்லேல்லைத்தானே?" என்று கேட்டாள். ஒன்றுமே சொல்லியிருக்கவில்லை என்பது அவளுக்கே தெரியும். இருந்தும் கேட்டாள். அதன் பிறகு நான் எங்கள் ஆட்களின் கடைகள் இருக்கிற ஹை ஸ்ட்ரீட் பக்கம் போவதைக் குறைத்து, முருங்கைக்காய் வாங்க நோர்தேர்ன் லைன் பிடித்து டூட்டிங் போகத் தொடங்கினேன். லண்டனில் முருங்கைக்காய்க்கு அவ்வளவு தூரம் போன ஆள் நானாகத்தான் இருப்பேன்.

டூட்டிங் கடையில்தான் போன வருடம் ஐயாவின் சின்ன மகளை, வார்டுக்கு வந்துபோன அந்தப் பெண்ணைக் கண்டேன். சால்வை இல்லை, தலை நரைக்கத் தொடங்கியிருந்தது. அவள்தான் முதலில் அடையாளம் கண்டாள்.

"அக்கா, நீங்கள் அந்த வார்டில நிண்டனீங்கள்தானே?"

ஐயா காலமாகி நாளாயிற்றாம். குழந்தை இப்போது யூனிவர்சிட்டிக்குப் போகிறானாம். அவனுடைய படத்தைப் போனில் காட்டினாள். தாடி வைத்த, தோள் அகன்ற பெடியன்.

"அப்பா கடைசி மட்டும் நீங்கள்தான் சொன்னது எண்டு சொல்லிக்கொண்டிருந்தவர்" என்றாள்.

"நீர் என்ன நினைச்சீர்?"

"நானும் அப்பிடித்தான் நினைச்சனான்." கத்தரிக்காயைப் பொறுக்கியபடி, என்னைப் பார்க்காமல், "அந்தக் கலியாணம் குழம்பினது எனக்கு நல்லதாப் போச்சுது, அக்கா. எனக்கு முதலே இவரைத்தான் விருப்பம். வீட்டில சொல்லப் பயம்" என்றாள்.

'இவர்' காசாளரின் முன்னால் வரிசையில் நின்று எங்களைப் பார்த்துக் கையசைத்தார். நானும் கையை அசைத்தேன். அந்த நொடியில்தான், மாப்பிள்ளை பகுதிக்கு இவளே சொல்லியிருப்பாளோ என்று எனக்குப் பட்டது. அவள் தலையை நிமிர்த்தினாள். எனக்குப் பட்டது அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. "வீட்டை ஒருக்கா வாங்கோ" என்றாள். விலாசம் தரவில்லை.

அந்த வார்ட் இப்போது இல்லை. கட்டடத்தை விற்று, பால்கனி வைத்த ஃபிளாட்டுகளாக ஆக்கிவிட்டார்கள். ஓரத்து அறை இருந்த இடத்தில் யாரோ ஒரு சைக்கிளைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். காசநோய்க்காரரில் அநேகம் பேர் வீட்டிலிருந்தே மருந்து குடிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் தங்களுக்கு என்ன வருத்தம் என்பதைத் தாங்களே படத்தோடு போனில் போட்டுவிடுகிறார்கள். ஒரு வீட்டின் நோயை ஊரிடமிருந்து மறைக்க ஒரு மனிதன் தன் தாய்மொழியையே தெரியாது என்று சொல்வான் என்றால், நான் பயிற்சி கொடுக்கிற தமிழ்ப்பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

சிஸ்டர் மோரீன் ஓய்வுபெற்று அயர்லாந்துக்குப் போய், அங்கேயே காலமாகிவிட்டா. நான் சொன்னது அவவிடம் மட்டும்தான் என்று நம்பிய ஒரே ஆள் அவ. இப்போது அது எனக்குத்தான் தெரியும், ஒருவேளை அந்தச் சின்ன மகளுக்கும்.