ஒரு நாளைக்கு இரவல்

கல்லூரியில் பிள்ளைகள் அவருக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. உருதுத் துறைக்குள் நுழையும்போது கையில் குடை இருக்கிறதோ இல்லையோ, கறுப்புப் பிடி போட்ட அந்தக் கண்ணாடி இருக்கும். இருநூறு வருஷத்துக் கையெழுத்துப் படிகளை மேசையில் விரித்து, மூக்கு தாளில் உரசும்படி குனிந்து, யாருடைய கவிதை யாருடைய தொகுப்பில் போய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடிப்பது அந்தப் பேராசிரியையின் வேலை. அந்தக் காலத்தில் படியெடுத்தவர்கள் லேசுப்பட்டவர்கள் அல்ல. பக்கம் காலியாகக் கிடந்தால் போதும், யாரோ எழுதியதை எடுத்து யார் தலையிலாவது கட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அம்மையார் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து உரியவரிடம் சேர்த்தார். முப்பத்து நான்கு வருஷத்தில் எழுபத்தொரு கவிதைகள் அப்படி வீடு திரும்பின.

தன்னுடைய கவிதை ஒன்றை மட்டும் அவரால் வீட்டுக்குக் கொண்டுவர முடியவில்லை.

உருதில் கஜல் என்று ஒரு வகை உண்டு. இரண்டிரண்டு அடியாகப் போகும். கடைசி இரண்டடியில் கவிஞர் தன் புனைபெயரைச் சொல்லித் தன்னையே கூப்பிட்டுக்கொள்வார். அதுதான் பத்திரம், அதுதான் பட்டா. அங்கே யார் பெயர் இருக்கிறதோ கவிதை அவருடையது. அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

பூதக்கண்ணாடிக்கு அப்போது பத்தொன்பது வயது. தையல் கடைக்கு மேலே இரண்டு அறை வீடு. கீழே மெஷின் ஓடினால் மேலே தண்ணீர்ச் சொம்பு நடுங்கும். அண்ணன் அவரைவிட நான்கு வயது மூத்தவர், அச்சகத்தில் பிழை திருத்துபவர். இரண்டு பேருக்கும் கவிதைப் பித்து. அண்ணன் தனக்கு வைத்துக்கொண்ட புனைபெயருக்கு வழிப்போக்கன் என்று அர்த்தம். தங்கைக்கும் அவரே ஒன்று தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். அதற்குக் கரை என்று அர்த்தம். உருதில் இரண்டுக்கும் ஒரே எடை. ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மற்றதை வைத்தால் ஓசை ஒரு நூல்கூடப் பிசகாது. அதுதான் வினையாகப் போயிற்று.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிய கவியரங்கம். வருவதாக இருந்த யாருக்கோ காய்ச்சல் என்று அண்ணனைக் கூப்பிட்டுவிட்டார்கள். முதல் மேடை. மதியம் மூன்று மணி வரை எழுதி எழுதிக் கிழித்தார். அறை முழுக்கக் காகித உருண்டை. கடைசியில் முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

தங்கைக்குப் பொறுக்கவில்லை. கணக்கு நோட்டின் பின்பக்கம் தான் எழுதி ஒளித்து வைத்திருந்த கஜலை நீட்டினார். கடைசியில் தன் பெயரை அடித்துவிட்டு அண்ணன் பெயரை எழுதியதும் அவரே.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு வச்சுக்கோண்ணா."

"அடுத்த வாரமே திருப்பிக் குடுத்துடறேன்," என்றார் அண்ணன். குடை இரவல் வாங்குகிறவர் சொல்வது மாதிரி.

அன்று அரங்கமே எழுந்து நின்றுவிட்டது. கடைசி இரண்டடியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: வாசலில் யார் என்று கேட்காதே, வழிப்போக்கா; எல்லாரும் போன பின்பும் நிற்பது நீ மட்டும்தான். அடுத்த வாரம் பத்திரிகையில் வந்தது. அடுத்த மாதம் ஒரு பாடகர் பாடிவிட்டார். ஆறு மாதத்தில், கடல் தாண்டி ஒரு வானொலி நிலையத்திலிருந்து அண்ணனுக்கு வேலை வந்தது. நடுவில் எந்த நாளில், யாரைப் பிடித்து நிறுத்தி, இது என் தங்கையுடையது என்று சொல்வது? சொன்னால் அந்த வேலை என்னாகும்? அண்ணன் பெட்டியைக் கட்டும்போது தங்கைதான் சட்டைகளை மடித்துக் கொடுத்தார்.

"உன் பொருள் எங்கிட்ட பத்திரமா இருக்கும்," என்றார் அண்ணன்.

"போய்ச் சேந்ததும் லெட்டர் போடு, அது போதும்," என்றார் தங்கை. போதவில்லை. போகப் போகத்தான் அது தெரிந்தது.

கல்யாணம் ஆயிற்று. கணவர் பல் டாக்டர், நல்ல மனுஷர். கவிதை என்றால் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்த நோயாளி மாதிரி வாயைப் பிளந்துவிடுவார், கொட்டாவிக்காக. அவர் கொடுத்த தைரியத்தில்தான் பூதக்கண்ணாடி மேல்படிப்புக்குப் போனார். அங்கே பாடத்திட்டத்தில் அதே கஜல். தேர்வில் அதே கடைசி இரண்டடி. நயம் பாராட்டுக, பத்து மதிப்பெண். எழுதியவருக்கே நயம் தெரியாதா என்று இவர் நான்கு பக்கம் எழுதித் தள்ளினார். ஐந்து மதிப்பெண் வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில், 'போய்க்கொண்டே இருக்க வேண்டிய வழிப்போக்கனே போகாமல் நிற்கிறான் என்ற முரண்நயத்தைத் தாங்கள் கவனிக்கவில்லை' என்று எழுதியிருந்தது. எப்படிக் கவனிப்பார்? அவர் எழுதும்போது அங்கே நின்றது கரை. கரை நிற்காமல் வேறு என்ன செய்யும்?

அன்று வீட்டுக்கு வந்து சிரித்து, சிரிப்பு அடங்காமல் அழுதார். கணவர் பல்வலி என்று நினைத்துக் கிராம்புத் தைலம் எடுத்து வந்தார்.

பிறகு அதே கல்லூரியில் ஆசிரியை. வருஷத்துக்கு ஒரு தடவை அந்தக் கஜலை நடத்த வேண்டும். முரண்நயத்தையும் சேர்த்தே நடத்தினார், பிள்ளைகளின் மதிப்பெண் போய்விடக் கூடாதல்லவா. சொந்தமாக இரண்டு தொகுப்புகள் போட்டார். 'கவிதைகள் நன்று, அண்ணனின் சாயல் அங்கங்கே தெரிகிறது' என்று ஒரு விமர்சகர் எழுதினார். சான்று இல்லாமல் ஒரு வரிகூட இடம் மாறக் கூடாது என்பது பூதக்கண்ணாடி தன் துறையில் வைத்த சட்டம். அவர் பக்கம் சான்று ஏது? அந்த நோட்டு எப்போதோ பழைய காகிதத்தோடு போய்விட்டது.

பிற்பகல் இரண்டே காலுக்கு வானொலியில் அண்ணன் வருவார். பல் டாக்டர் காலமான பிறகு அந்தக் கால் மணி நேரம்தான் வீட்டில் இன்னொரு குரல். நேயர் விருப்பம் என்று மாதத்துக்கு ஒரு தடவையாவது அந்தக் கஜலைச் சொல்லச் சொல்லிவிடுவார்கள். அண்ணன் சொல்வார். கடைசி அடியில், பெயருக்கு முன்னால், ஒரு மூச்சு நேரம் தயங்குவார். உலகம் அதைப் பாணி என்றது. தங்கைக்குத் தெரியும், அது தனக்கான இடம். அந்த ஒரு மூச்சுக்காக நாற்பத்தொரு வருஷம் வானொலிப் பெட்டி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அம்மா போனபோதுகூட அண்ணனால் வர முடியவில்லை. கவிதையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இந்த மனுஷர் ஒரு தடவை படியேறி வந்தால் போதும் என்றுகூட இருந்தது. ஆனால் இரண்டும் வேண்டும் போலவும் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை.

ஓய்வு பெறும் வருஷம் கல்லூரியில் அவருக்காகக் கவியரங்கம் வைத்தார்கள். சிறப்பு விருந்தினர் அண்ணன். ஒரு மாதம் முன்பே கடிதம் வந்தது: 'ஒரு நாளைக்குன்னு வாங்கினேன். இந்தத் தடவை மேடையிலேயே, ஊரறியத் திருப்பிக் குடுத்துடறேன். முன்வரிசையில உக்காரு.'

புதுச் செருப்பு வாங்கினார். அது இரண்டு காலையும் கடித்தது. அதைப் போட்டுக்கொண்டே முன்வரிசையில் உட்கார்ந்தார்.

மாலை நான்கு மணி. விமானத்திலிருந்து இறங்கி அண்ணன் நேரே மேடைக்கு வந்தபோது இவருக்கு அடையாளமே தெரியவில்லை. தலை வெளுத்து, தோள் குறுகிப் போயிருந்தார். வாய் திறந்ததும் குரல் மட்டும் அதே குரல்.

கவியரங்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. கவிஞர் ஓர் அடியைச் சொன்னால் கூட்டம் அதை வாங்கித் திருப்பிச் சொல்லும். பிடித்துவிட்டால் 'மறுபடி, மறுபடி' என்று கத்தும். ஊருக்கே மனப்பாடமான கவிதை என்றால், கவிஞர் பாதியில் நிறுத்துவார், மீதியைக் கூட்டமே முடிக்கும். அதுதான் அவர்கள் செய்கிற மரியாதை.

அண்ணன் கடைசி இரண்டடிக்கு வந்தார். தங்கையைப் பார்த்தார். "வாசலில் யார் என்று கேட்காதே..." என்றார். மூச்சை இழுத்தார்.

"வழிப்போக்கா!" என்றது கூட்டம். எண்ணூறு தொண்டை.

அண்ணன் கையை உயர்த்தி அடக்கப் பார்த்தார். உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்துக்கொண்டு 'மறுபடி' என்றார்கள். மறுபடி சொன்னார், இந்தத் தடவை நிறுத்தாமல். உதடு கரை என்றுதான் அசைந்தது. பூதக்கண்ணாடி கண்ணாடி இல்லாமலே அதைப் பார்த்தார். ஆனால் எண்ணூறு பேருக்கு முன்னால் ஒரு கிழவர் குரல் எடுபடுமா? மூன்றாம் தடவை கூரை அதிர்ந்தது. பொன்னாடையோடு ஓடி வந்த கல்லூரி முதல்வர் அண்ணனைப் போர்த்தி மூடிவிட்டார்.

இரண்டு பேரும் வீட்டுக்கு வந்தார்கள். காலையில் அண்ணனுக்கு விமானம். பூதக்கண்ணாடி செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு அடுப்பில் தேநீர் வைத்தார். அண்ணன் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"சொல்லத்தான் வந்தேன்," என்றார்.

"தெரியும்ணா. பாத்தேன்."

"விடவே மாட்டேன்னுட்டாங்களே."

"நல்லா இருந்துச்சுன்னுதானே கத்தினாங்க. எழுதினவளுக்குச் சந்தோஷம்தான்."

"இங்க கூட்டம் இல்லல்ல? இப்பச் சொல்றேன், கேளு." முதுகை நிமிர்த்திக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டார். "வாசலில் யார் என்று கேட்காதே, வழிப்போக்கா..."

சொல்லி முடித்த பிறகுதான் அவர் காதில் அது விழுந்தது. கண்ணைத் திறந்தார். நாற்பத்தொரு வருஷப் பழக்கம், நாக்கு தானாகப் போய்விட்டது. அண்ணனின் முகம் அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு இருந்த மாதிரி ஆகிவிட்டது. இரண்டு கையிலும் அதைப் புதைத்துக்கொண்டார்.

தங்கைக்கு முதலில் கோபம் வந்தது. நிஜமான கோபம், கரண்டியை அடுப்பு மேடையில் 'டக்'கென்று வைத்தார். பிறகு அந்த வெள்ளைத் தலையைப் பார்த்தார். கோபம் எந்த வழியாகப் போயிற்று என்று தெரியவில்லை.

"எந்திரிண்ணா. எனக்கே வகுப்புல அப்படித்தான் வரும். நீ அந்தப் பக்கம் உக்காரு. நீ கூட்டம். நான் சொல்றேன்."

அவர் அந்தக் கஜலைத் தன்னுடையதாக யார் முன்னாலும் சொன்னதே இல்லை. அடுப்பைச் சிறியதாக்கினார். கையைத் துடைத்துக்கொண்டார். முதல் அடியைச் சொன்னார். அண்ணன் ஒழுங்கான ரசிகராக அதை வாங்கித் திருப்பிச் சொன்னார். இரண்டாவது அடி. மூன்றாவது. தேநீர் பொங்கி வழிந்தது, யாரும் கவனிக்கவில்லை.

"வாசலில் யார் என்று கேட்காதே..." என்றார் தங்கை. அந்த இடம் வந்துவிட்டது. தன் நாக்கு மேல் அவருக்கும் நம்பிக்கை இல்லை. நிறுத்திக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார்.

ஒரு மூச்சு நேரம்.

"கரையே," என்றது கூட்டம்.

மேடையில் பாராட்டு வாங்கிய கவிஞர்கள் செய்வது போல பூதக்கண்ணாடி கையை நெற்றிவரை கொண்டுபோனார். அதற்கு மேல் அடுத்த அடி வாயில் வரவில்லை, முந்தானையைத் தேடினார்.

அண்ணன் ஸ்டூலை இழுத்து இன்னும் கிட்டத்தில் போட்டுக்கொண்டார்.

"மறுபடி," என்றார்.