கணக்கில் வந்த பாசிட்டிவ்

இதை எழுத நான்கு வருஷம் தயங்கினேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். அதைவிட, இது என் மருமகளின் சங்கதி. "எழுதுங்க அத்தை, ஆனா நடந்ததை நடந்தபடி எழுதுங்க" என்று அவளே சொன்ன பிறகுதான் பேனாவைத் தொட்டேன். அம்பாள் துணை.

கல்யாணமாகி எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸுக்கு வரும்போதே அவள் கணக்கில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். மூன்று வருஷமாகியும் குழந்தை இல்லை. எனக்கு அதே நினைப்பு. திருவதிகைக் கோயிலில் வேண்டாத நாளில்லை. ஒரு காலையில், மகன் ஷிஃப்டுக்குப் போன பின்பு, விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். அறையில் அவள் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"ஆமா மேடம், பாசிட்டிவ்தான். ரெண்டு தடவை சரிபாத்துட்டேன். எனக்கே நம்ப முடியல."

மேடம் என்றால் எனக்கு லேடி டாக்டர்தான். கண் கலங்கிவிட்டது. அவளாகச் சொல்லட்டும் என்று இருந்திருக்கலாம். முடியவில்லை, எதிர் வீட்டு அக்காவிடம் மட்டும் சொன்னேன். மறுநாள் அந்தச் சேதி பிளாக்கைச் சுற்றி வந்தபோது கர்ப்பத்துக்கு மூன்று மாதம் ஆகியிருந்தது.

நான்காம் நாள் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் அவள் அம்மா வந்து இறங்கினார், கையில் பலகாரமும் பச்சை வளையலும்.

"பெத்தவகிட்ட சொல்ல மாட்டியா பாப்பா? மைன்ஸுக்கு வர்ற நம்மூர் ஆளு சொல்லி நான் கேக்கணுமா? ரெட்டைப் புள்ளைன்னு ஊரே பேசிக்கினு இருக்குது!"

மருமகள் என்னைப் பார்த்தாள்.

"நீதானேம்மா மேடம்கிட்ட பாசிட்டிவ்னு..." என்றேன்.

"அது என் ஆராய்ச்சி கைடு அத்தை. கணக்குல பாசிட்டிவ்."

சம்பந்தி வளையலைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அவர் போனதும் மருமகள் நோட்டுகளையெல்லாம் கட்டிப் பரணில் ஏற்றினாள். அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். "கொடுக்கல. வாசல்ல நிக்க முடியாம பண்ணிட்டீங்க. இனிமே எனக்கு அந்த பாசிட்டிவ்ங்கற வார்த்தையே வேணாம்."

சாமி முன்னால் விழுந்து அழுதேன். பிறகு, தப்பு செய்தது அவளிடம்தானே என்று தோன்றியது. போய்க் கேட்டேன்.

"அப்படி என்னம்மா கணக்கு அது?"

கோபம் போகாமல்தான் சொன்னாள். "ஒண்ணால எதைப் பெருக்கினாலும் அது மாறாதுல்ல? நான் பாக்குற கூட்டத்துல அந்த ஒண்ணு கிடையாது. பதிலுக்கு ஒரு வரிசை இருக்கு. முதல்ல நிக்கறது நிறைய மாத்திடும். போகப் போக மாத்தறது குறையும். மயிரிழைதான் மாறலாம்னு நீங்க சொன்னாலும், ஒரு இடத்துக்கு அப்புறம் வர்றதெல்லாம் அதுக்கும் கம்மியாத்தான் மாத்தும். சேதி சொல்ற ஆளுங்கன்னு வெச்சுக்கங்க."

"அதுல நான் எங்க நிக்கறேன்?"

"முதல் ஆளு."

அவளுக்கே சிரிப்பு வந்து, அடக்கிக்கொண்டாள்.

"பாசிட்டிவ்னா?"

"எதையாவது அதோட கண்ணாடி உருவத்தால பெருக்கினா வர்றது. அந்த வரிசை முழுக்க அப்படிப்பட்டதாலயே அமையுமான்னு மூணு வருஷமா தேடினேன். அன்னைக்குத்தான் வந்துச்சு."

பாதி புரியவில்லை. ஆனாலும் கேட்டேன். "அந்த ஒண்ணு சாமிதானே? நாமதான் நெருங்கிக்கினே போறோம்."

"அத்தை, சாமியை விடுங்க. இது கணக்கு."

சரி என்றேன். மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன்.

ஊரில் போய் என்ன சொல்ல வேண்டும் என்று அவளையே எழுதித் தரச் சொல்லி மனப்பாடம் செய்தேன். மறுநாள் வீடு வீடாகப் போனேன். "என் மருமக உண்டாகல. அவ சொன்னது கணக்கு. தப்பாக் கேட்டு, தப்பாச் சொன்னது நான்."

"ஏன்டி, கணக்குக்கு எப்படி மூணு மாசம் ஆச்சு?" என்றாள் எதிர் வீட்டு அக்கா. எல்லாரும் சிரித்தார்கள். பதில் சொல்ல நாக்கு துடித்தது; ஆனாலும் அதே மூன்று வரியை இன்னொரு தடவை சொன்னேன். கடைசியாக பஸ் ஏறி சேத்தியாத்தோப்புக்குப் போய், சம்பந்தியிடமும் அதையே சொன்னேன். "நீங்களே வந்து சொன்னீங்களே, போதும்ங்க" என்று காபி கொடுத்தார்.

திரும்பி வந்தபோது நோட்டுகள் மேசையில் விரிந்து கிடந்தன. அவள் தலை நிமிராமல், "எல்லா வீட்டுலயும் அப்படியேதான் சொன்னீங்களா?" என்று கேட்டாள்.

"ஒரு எழுத்து கூட்டல, குறைக்கல."

அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுத்தாள்.

படிப்பவர்கள் இதை நாலு பேருக்குச் சொன்னால் சந்தோஷம். ஆனால் கேட்பவர்கள் மனசு குளிரட்டும் என்று முடிவில் ஒரு குழந்தையைச் சேர்த்துவிடாதீர்கள். குழந்தை பிறக்கவில்லை, கணக்குதான் முடிந்தது. உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன், இதை இப்படியே சொல்லுங்கள்.