இருபத்தெட்டு சென்ட் கீழே

ஸ்டான்லியின் கீபோர்டில் ஒரே ஒரு சுரம் இறங்கியதில் கல்பாக்கத்திலிருந்து மாமல்லபுரம் வரை கடல் ஓர் அடி பின்வாங்கியது என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். மிகைதான். கடல் அசையவில்லை. எங்கள் சர்ச்சில் இருநூறு பேர் தலையைத் திருப்பினார்கள், அவ்வளவே. இருநூறு என்பதும் பிரியாணி போடுகிற நாளின் கணக்கு.

ஸ்டான்லி என் எதிர்வீட்டுக்காரர். கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் அழுத்தம் காட்டும் பிரஷர் கேஜ்களைச் சரிபார்க்கும் வேலை. முள் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று பார்த்து, திருத்தி, மஞ்சள் ஸ்டிக்கரில் தேதியும் கையெழுத்தும் போட்டு ஒட்டுவார். அந்தப் பழக்கம் வீடு வரை வந்துவிட்டது. சுவர்க் கடிகாரம், எடை மெஷின், மாமியாரின் பி.பி. கருவி எல்லாவற்றிலும் மஞ்சள் உண்டு. மாமியார் மேல் இதுவரை இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிப்பார். அறுப்புப் பண்டிகைப் பாட்டை முப்பது வருஷமாகப் பாடுகிறவர் கேன்டீன் ஜாக்குலின். அது அவர் அம்மா ஊரார் வயலில் நாற்று நட்டுக்கொண்டே போட்ட மெட்டு. அதில் காந்தாரச் சுரம் வரும்போதெல்லாம் ஜாக்குலின் குரல் ஓரிடத்திலும் ஸ்டான்லியின் விரல் சற்று மேலேயும் நிற்கும். நாங்கள் பழகிவிட்டோம்.

இந்த வருஷம் சர்ச் பாட்டுக் குழுவான கொயரை ஏற்றுக்கொண்ட பெஞ்சமின் பழகவில்லை. படூரில் ஃப்ளாட், கழுத்தில் ஹெட்போன்.

"அக்கா, அந்த இடத்துல நீங்க ஃப்ளாட்டா பாடுறீங்க, சுருதிக்குக் கீழ."

"ஃப்ளாட்டு நீ வாங்கினது நைனா. நான் வூட்டுல கீறேன்."

"கீபோர்டோட சேரல அக்கா. பண்டிகைக்கும் சேரலன்னா லேப்டாப்புல டிராக் போட்டு வேற ஆள் பாடட்டும்."

ஜாக்குலின் செருப்பைத் தேடினார். பிராக்டிஸ் பாதியில்தான் இருந்தது.

மறுநாள் ஸ்டான்லி, ஜாக்குலின் வேலை செய்யும் கேன்டீனுக்குப் போய், சுருதி காட்டும் ஆப்பைப் போனில் திறந்து, அந்த ஒரு வரியை இருபது தடவை பாடச் சொன்னார். சாம்பார் வாளியும் கையுமாக ஜாக்குலின் பாடினார். இருபது தடவையும் முள் ஒரே இடத்தில் நின்றது. ஒரு கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் உள்ள தூரத்தை நூறாகக் கூறு போட்டால் ஒரு கூறுக்கு சென்ட் என்று பெயர். ஜாக்குலின் கட்டைக்கு இருபத்தெட்டு சென்ட் கீழே.

"தடுமாறினா இருபது தடவையும் அதே இடத்துக்குப் போவாது அக்கா," என்றார் ஸ்டான்லி. "நீங்க அங்கதான் போணும்னு போறீங்க."

"அத்தத்தான் முப்பது வருசமா சொல்லிகினு கீறேன். உன் பொட்டிதான் எறங்க மாட்டேங்குது."

பெட்டி இறங்கும். ஒவ்வொரு சுரத்தையும் தனியாக ஏற்றி இறக்கும் வசதி அதன் மெனுவில் எப்போதும் இருந்திருக்கிறது, யாரும் திறந்ததில்லை. சனிக்கிழமை ஸ்டான்லி காந்தாரத்தை இறக்கினார். கீழ்ஸ்தாயி, மேல்ஸ்தாயி என்று அந்தப் பெயருள்ள கட்டைகளெல்லாம் ஒன்றாக இறங்கின. நடுக்கட்டைக்கு மேலே மஞ்சள் ஸ்டிக்கர்: இருபத்தெட்டு கீழே, தேதி, கையெழுத்து.

மறுநாள் ஞாயிறு, பண்டிகையன்று ஜாக்குலின் பாடினார். குரலும் கட்டையும் முதன்முறையாக ஒரே இடத்தில் போய் உட்கார்ந்தன. பெஞ்சமின் ஹெட்போனைக் கழுத்திலிருந்தே எடுத்துவிட்டார்.

அடுத்தது, மணி பதினொன்றரைக்கு, பெஞ்சமினின் புதுப்பாட்டு, அதே சுருதியில். பாவம் ஸ்டான்லி, நடுவில் கட்டையைப் பழைய இடத்துக்கு ஏற்ற மறந்துவிட்டார். சபை கீபோர்டோடு இறங்கிப் பாடியது. பெஞ்சமின் ஒருவர் மட்டும் மைக்கில் மேலே நின்றார். அந்த இருநூறு தலைகள் திரும்பியது அப்போதுதான்.

"தம்பி, எறங்கி வா," என்றார் முன்வரிசையிலிருந்து ஜாக்குலின். "உன் ஃப்ளாட்டு எத்தினியாவது மாடி?"

பிரியாணிப் பந்தியில் பெஞ்சமின் ஜாக்குலின் பக்கத்திலேயே உட்கார்ந்தார். லேப்டாப் பையை விட்டு வெளியே வரவில்லை. "அடுத்த வருஷமும் நீங்களே பாடுங்கக்கா. என் பாட்டுக்கு மட்டும் அந்த மெனுவ மூடிரச் சொல்லுங்க."

இதை எழுதி முடித்து ஸ்டான்லியிடம் படிக்கக் கொடுத்தேன். கேஜ் பார்ப்பது போல ஒவ்வொரு வரியாகப் பார்த்துவிட்டு ஓரிடத்தில் விரலை வைத்தார்.

"டீச்சர், இங்க 'மறந்துவிட்டார்'னு கீதே, அத்த எடுத்துடுங்க. ஸ்டிக்கர்ல தேதிக்குக் கீழ நேரமும் போட்டிருந்தேன். செல்லுபடி ஞாயிறு மத்தியானம் பன்னெண்டு மணி வரைக்கும்."