ஜெபத்துக்குப் பதில்

அன்னத்தாய்க்கு நடை அலுத்துப்போய் வெகுநாளாயிற்று. வீடு ஸ்ரீவில்லிபுத்தூர் மிஷன் வளவுக் குடியிருப்பில். வேலையோ இராஜபாளையத்துத் தெருக்களில். காலை ரயிலில் போய் இறங்கி, வீடு வீடாக ஏறிப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்து, வேதம் வாசித்து, நோயாளிகளுக்கு ஜெபித்துவிட்டுச் சாயங்கால வண்டியில் திரும்புவாள். ஊர் அவளைப் பைபிள் அம்மா என்றது. புருசன் செத்த மறுமாதம் வேதப் புத்தகப் பையைத் தோளில் மாட்டினாள். பதினாறு வருடமாகியும் இறக்கவில்லை. போகிற வீட்டிலெல்லாம் பெண்கள் பாயைப் போட்டு, தங்கள் மனக்குறையை அவள் முன் கொட்டுவார்கள். அவள் குறையைக் கேட்கத்தான் ஆள் இல்லை.

1936-ஆம் வருடம் அந்தக் குறை வீட்டுக்குள்ளேயே வந்து படுத்துக்கொண்டது. ஒரே மகள் பரிபூரணம், இருபது வயது, மிஷன் பெண்பள்ளியில் டீச்சர். பங்குனியில் ஒருநாள் வகுப்பு நடத்தும்போதே நெஞ்சு படபடத்து, கைகால் நடுங்கி வீட்டுக்கு வந்து, சுவரைப் பார்த்துப் படுத்தவள்தான். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. தலை வாரவில்லை. சோற்றைக் கண்டால் கண்ணீர் வரும்.

"என்னட்டி செய்யுது ஒனக்கு?"

"தெரியலம்மா. பயமா இருக்கு."

எதற்குப் பயம் என்று அவளுக்கே தெரியாது. 'வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு' என்று வளவில் நாலு பேர் வாய்க்குள் சிரித்தார்கள். சபை உபதேசியார் ஏசுவடியான் நல்ல மனிதர்தான். ஆனால் துக்கம் என்றாலே விசுவாசக் குறைவு என்று முடிவுகட்டி வைத்திருந்தார். மூன்று நாள் உபவாச ஜெபம் வைத்தார். வளவே பட்டினி கிடந்தது. மூன்றாம் நாள் பரிபூரணம் எழுந்து, குளித்து, இரண்டு வாய் கஞ்சி குடித்தாள்.

அன்னத்தாய் தவறு செய்தது அங்கேதான்.

மாதக் கூட்டத்தில் பைபிள் அம்மாமார் எல்லோரும் மிஷனை நடத்தும் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாள் முன் அறிக்கை வாசிக்க வேண்டும். எத்தனை வீடு, எத்தனை பேர், கடைசியாக 'ஜெபத்துக்குப் பதில்', அதாவது ஜெபித்துக் கிடைத்த நன்மை. பதில் இல்லாமல் வரக்கூடாதென்று சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் 'இல்லை' என்று வாசித்தவள் எவளும் கிடையாது. மூன்று மாதமாக, யார் வீட்டிலோ மாடு நல்லபடியாக ஈன்றதை எழுதி அன்னத்தாய் ஒப்பேற்றி வந்தாள். இந்தத் தடவை அந்த இரண்டு வாய்க் கஞ்சியை எழுதினாள்: 'என் மகள் பூரண சுகமடைந்தாள்.'

கைதட்டாத குறைதான். உபதேசியார் அதை ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் சொன்னார். பரிபூரணம் எழுந்து நின்று சாட்சி சொல்லவேண்டியதாயிற்று. சொன்னாள், சிரித்தாள். மறுநாள் பள்ளிக்கூடத்துக்கும் போனாள். வெளியே சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் கட்டிய சேலையோடு அப்படியே பாயில் விழுவாள். அன்னத்தாய் கண்டும் காணாதவளாக அடுப்பூதுவாள். தன் வாயால் மகளைக் கட்டிப்போட்டுவிட்டோம் என்று அவளுக்குத் தெரியும். கட்டை அவிழ்க்கத் துணிவில்லை.

ஜெபத்தால் சுகமானவள் என்று பரிபூரணத்தின் பேர் பரவிவிட்டது. ஒரு சனிக்கிழமை சோழபுரத்திலிருந்து வெள்ளத்தாய் என்ற, காடுகரை பார்க்கும் சம்சாரி வீட்டுப் பெண், தன் மகள் சுந்தரம்மாளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"ரெண்டு மாசமா வாயே தொறக்கலம்மா. கெணத்தடியிலயே உக்காந்திருக்கா. பயமா வருது எனக்கு. ஒங்க மக ஒங்க சாமிகிட்ட என்ன கேட்டாளோ, அதையே எம்மவளுக்கும் கேக்கச் சொல்லுங்க."

அன்னத்தாய் பாயை விரித்து இருவரையும் உட்காரச் சொன்னாள். பரிபூரணம் அந்தப் பெண்ணைச் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்குச் சொகமாகல அத்தை. சொகமாயிட்டுன்னு எல்லாருமாச் சேந்து சொன்னாங்க. நானும் சொன்னேன். அம்புட்டுதான்."

வெள்ளத்தாய்க்கு முகம் விழுந்துவிட்டது. அப்போதுதான் சுந்தரம்மாள் தலையைத் தூக்கினாள்.

"ஒனக்கும் விடியக்காலந்தான் ரொம்ப முடியாம வருமாக்கா?"

"ஆமா. ஏன்தான் விடியுதுன்னு இருக்கும்."

"எனக்கும்."

இரண்டு மாதம் கழித்து மகள் குரலைக் கேட்ட வெள்ளத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அன்னத்தாயும் அழுதாள், வெட்கத்தால். பதினாறு வருடம் வாய் ஓயாமல் ஆறுதல் சொன்னவளுக்கு இப்படி ஒரு பேச்சுப் பேச வந்ததில்லை. போகும்போது, அடுத்த சனிக்கிழமையும் வருவதாகச் சுந்தரம்மாள் தானாகவே சொன்னாள்.

அடுத்த மாதக் கூட்டம் வந்தது. எத்தனை வீடு, எத்தனை பேர் எல்லாம் வாசித்துவிட்டு அன்னத்தாய் நிறுத்தினாள்.

"ஜெபத்துக்குப் பதில்?" என்றார் உபதேசியார்.

"இல்லை ஐயா. போன மாசம் நான் வாசிச்சது பொய். எம்மவ இன்னும் எந்திரிக்க ஏலாமத்தான் எந்திரிக்கா."

"அப்போ நாம இருந்த உபவாசம்?"

"ஜெபம் பண்ணுங்க ஐயா, வேண்டாங்கல. நானும் பண்ணுதேன். சொகமாயிட்டியான்னு மட்டும் அவகிட்ட கேக்காதீங்க. அதுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே பிள்ளை ஓஞ்சுபோனா."

மிஸ்ஸியம்மாள் பேனாவைக் கீழே வைத்தாள். அடுத்து வாசிக்க வேண்டியவள் பிச்சையம்மாள், எல்லோரிலும் மூத்தவள். கையிலிருந்த தாளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எம்மவனைப் பத்தியும் போன வருசம் இப்பிடி ஒண்ணு வாசிச்சேன்" என்றாள்.

அன்னத்தாய் வீட்டுக்கு வந்தபோது பரிபூரணம் பாயில் படுத்திருந்தாள். தன் வேலை இனி நிலைக்குமோ நிலைக்காதோ தெரியாது. பையை ஆணியில் மாட்டிவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கூட்டத்துல சொல்லிட்டேன்ட்டி. பொய்னு சொல்லிட்டேன்."

பரிபூரணம் சுவரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நாளைக்கு எனக்கு எந்திரிக்க ஏலலன்னா?"

"ஏலலன்னா படுத்துக்கோ. பள்ளிக்கூடத்துல நான் போய்ச் சொல்லிட்டு வாரேன்."

பரிபூரணம் மெல்லத் திரும்பிப் படுத்தாள், அம்மாவின் பக்கமாக.