எல்லைக் கல்வேலி

நெடுந்தீவின் பழைமை என்றால் எல்லோரும் ஒல்லாந்தர் கோட்டையையும் குதிரைகளையும் சொல்வார்கள். எனக்குக் கல்வேலிதான். மண்ணும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை; கடற்கல்லைக் கல்லோடு இடுக்கி அடுக்குவது. எனக்கு எழுத்து அரைகுறை, காணி உறுதிப் பத்திரத்தை வாசிக்கத் தெரியாது. வேலிதான் எனக்கு உறுதி. வேலியோர ஒழுங்கைப் பாதையை அகலமாக்கக் கிராமச் சபைக்காரர் வந்தபோதும் நான் குறுக்கே நின்று திருப்பி அனுப்பினேன்.

எனக்கும் தங்கச்சிக்கும் அம்மா சீதனமாகப் பிரித்துத் தந்த வளவுக் காணி. நடு வேலியை நானும் என் மனிசனும் அடுக்கினோம். இரண்டு முழம் கூடுதலாகப் பிடித்துவிட்டேன் என்று தங்கச்சியின் புருஷன் பல வருஷம் சண்டை பிடித்தான்.

நாட்டில் போர் நடந்த காலத்தில், குண்டு போடப் பொம்பர் வரத் தொடங்கியது. எங்கள் நிலத்தில் அலவாங்குக் கம்பி போட்டால் ஒரு முழத்திலேயே பாறை. பதுங்குகுழி வெட்ட முடியாது. தரைக்கு மேல் கல் அடுக்கித்தான் ஒளிக்கவேண்டும். தங்கச்சி வேலியடியில் வந்து நின்றாள்.

"அக்கா, மேல் வரிக் கல்லை மட்டும் தாங்கோ. மூண்டு பிள்ளையளையும் கொண்டு நான் எங்கை ஒளிக்கிறது?"

"ஏலாது. பிறகு உன்ரை மனிசன் எல்லை இஞ்சை இல்லை எண்டு நிப்பான்."

"பொம்பர்காரனுக்கு உங்கடை எல்லை தெரியுமே? சரி, கல்லைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ!"

அவள் பனங்குற்றிகளையும் மண் மூட்டைகளையும் வைத்து இடுப்பளவு மறைப்புக் கட்டினாள். நாலாம் நாள் பகலில் பொம்பர் வந்தது. பிள்ளைகளை உள்ளே தள்ளிய பிறகு அவளுக்கு இடமில்லை. அதன் வாசலில் குப்புறப் படுத்திருக்கிறாள். முதுகில் குண்டுத் துண்டு பட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வள்ளத்தில் ஏற்றினோம், அக்கரைக் குறிகட்டுவான் துறை தெரியும் முன்னே என் மடியில் மூச்சு நின்றது.

எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் விடிய, வேலியை நானே பிரிக்கத் தொடங்கினேன். தங்கச்சியின் புருஷன் சும்மா பார்த்துக்கொண்டு நின்றான்.

"எல்லைக்கு அடிவரிக் கல்லையாவது விடுங்கோ மச்சாள்," என்றான்.

நான் விடவில்லை. ஒவ்வொன்றாகச் சுமந்து அவன் முற்றத்தில் அடுக்கினேன். அவளுடைய மூத்த மகள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"பெரியம்மா, அண்டைக்கு அம்மா கேக்கேக்கை ஏன் தரேல்லை?"

நான் அடுத்த கல்லை எடுக்கப் போனேன்.