வண்டிக்கு ஒரு வாய்

மா ஸ்விரி கீரை விற்கிறவள் என்று யாராவது சொன்னால் அது பாதி உண்மை. கீரை எல்லாரிடமும்தான் இருந்தது. அவளிடம் பிரெஞ்சு இருந்தது.

எங்கள் நாட்டில் ஒரு பக்கம் இங்கிலீஷ், மறு பக்கம் பிரெஞ்சு. அப்பா நடு எல்லைக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சு பேசும் ம்பூடாவில், காப்பித் தோட்டத்து வேலைக்காரர். இங்கிலீஷ் மண்ணில் பிறந்த ஸ்விரி பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தாள். பிள்ளைகள் அவளை "பாமெண்டா, பாமெண்டா" என்று கூப்பிட்டார்கள். அது எங்கள் ஊரின் பெயர். அந்தப் பக்கத்தில் மடையன் என்று பொருள். ஆத்திரத்தில் அவள் அந்தப் பிள்ளைகளைவிடச் சுத்தமாகப் பிரெஞ்சு பேசக் கற்றுக்கொண்டாள். சிலருக்கு ஆத்திரம் வயிற்றுப்புண்ணாகும், அவளுக்கு இலக்கணமானது.

நாட்டின் சட்டப் புத்தகத்தில் இரண்டு மொழியும் சரிசமம். அந்தப் புத்தகம் தலைநகரத்தில் பத்திரமாக இருக்கிறது, சாலைக்கு வருவதில்லை. தடுப்புக் கட்டைக்கு முன்னால் துப்பாக்கியோடு நிற்கும் ஜெண்டார்ம் போலீஸ்காரன் பிரெஞ்சில் கேட்பான். பின்சீட்டுக்காரன் இங்கிலீஷில் பதில் சொன்னால், "மனுஷன் பாஷைல சொல்லு" என்பான். கேள்வி புரியாதவனுக்குப் பயம் வரும், பதில் புரியாதவனுக்குக் கோபம் வரும். பயமும் கோபமும் சந்தித்தால் வண்டி அரைநாள் வெயிலில் நிற்கும். தக்காளி அழுகும்.

பாமெண்டா சாலை டிரைவர்கள் இதற்கு ஒரு வழி கண்டார்கள்: வண்டிக்கு ஒரு வாய். பிரெஞ்சு தெரிந்த ஆளை முன்சீட்டில் ஏற்றிக்கொள்வது, கட்டணம் கேட்பதில்லை. மற்ற வண்டிகளின் முன்சீட்டில் இரண்டு பேர் ஒருவர் மடியில் ஒருவராக இடித்துக்கொண்டு போவார்கள். அவாசும் என்கிற டிரைவர் ஓட்டுகிற பழைய டொயோட்டாவில் மா ஸ்விரி மட்டும் தனியாக, மகாராணி மாதிரி, கீரைக் கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு போவாள்.

"வாயுள்ள பிள்ளை பிழைக்கும்டி" என்று பின்சீட்டைத் திரும்பிப் பார்த்துச் சிரிப்பாள். "நீங்கல்லாம் பள்ளிக்கூடத்துல ராணி கதை படிச்சீங்க. நான் படிச்சது சோறு போடுது."

பின்சீட்டும் சிரிக்கும். பல்லை மட்டும் காட்டுகிற சிரிப்பு.

பிறகு காலம் கெட்டது. இங்கிலீஷ் கோர்ட்டுக்கு இங்கிலீஷ் தெரியாத நீதிபதியா என்று வக்கீல்கள் கறுப்பு அங்கியோடு தெருவில் இறங்கினார்கள். வாத்தியார்கள் பின்னாலேயே வந்தார்கள். அங்கி கிழிந்தது, பள்ளிக்கூடம் பூட்டப்பட்டது, பையன்கள் துப்பாக்கி தூக்கிக் காட்டுக்குள் போனார்கள். திங்கட்கிழமைகளில் ஊரே செத்தமாதிரி கிடக்க வேண்டும் என்று காட்டிலிருந்து கட்டளை வந்தது, கிடந்தது. வேலைநிறுத்தத்தை உடைக்கிறவனைத் திட்ட இருந்த 'பிளாக்லெக்' என்ற பழைய வார்த்தைக்குப் புது உத்தியோகம் கிடைத்தது. துரோகிக்கு அதுதான் பெயர். அந்தப் பெயர் ஒட்டிய வீட்டில் யாரும் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள். கொஞ்ச நாளில் அந்த வீட்டில் தண்ணீர் கொடுக்க ஆளும் இருக்காது.

ஒரு காலையில் பக்கத்து வீட்டு மா பெர்ப்பெதுவா வேலியோரம் வந்து நின்றாள்.

"ஸ்விரி, ஒம் பேரு காட்டுல அடிபடுதாம்."

"எம் பேரா? நல்லவிதமாத்தான இருக்கும்."

"சிரிக்காத. கட்டைக்கிட்ட நீ அவங்களோட கொஞ்சிப் பேசறியாம். ஒன்னப் பாத்தா கையாட்டி விடுறானுங்களாம். சும்மா விடுவானா, இவ எதையோ சொல்லிக் குடுக்கறான்னு பேச்சு."

"நான் என்னத்தச் சொன்னேன்? 'தலைவரே, கீரை வாடுது'ன்னு சொன்னேன். அதுல ராணுவ ரகசியமா இருக்கு?"

"அத எங்கிட்டச் சொல்லி என்ன? அவனுங்களுக்குப் பிரெஞ்சு தெரியாதே. நீ என்ன சொன்னேன்னு எப்படித் தெரியும்?"

ஸ்விரிக்கு அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக அவள் பேசியதற்குச் சாட்சி, கட்டைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன் ஒருவன்தான்.

அடுத்த சந்தை நாளில் தாடையைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு வந்தாள். ம்பூடாச் சந்தையில் கீரை விற்றுத் திரும்புகையில் நேராகப் பின்சீட்டில் போய் ஒண்டினாள்.

அவாசும் பதறினான். "என்ன மா இது? முன்னால வாங்க. நீங்க இல்லேன்னா இந்த வண்டி ஊமை."

"பல்வலி. வாயத் தொறக்க முடியல."

"இப்பத் தொறந்து சொன்னீங்களே?"

"வண்டிய எடுடா, கழுத!"

அவள் பக்கத்தில் கண்ணாடி போட்ட நடுவயதுக்காரர் ஒருவர், மடியில் பைபிளோடு உட்கார்ந்திருந்தார். கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் சொல்லிக் கொடுக்கிறவராம். "பல்வலிக்குக் கிராம்பு வைங்க மா" என்று பரிவாகச் சொன்னார்.

எல்லைக் கட்டையில் புது முகம். பழையவனை மாற்றிவிட்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு லாரி நின்றது. அதில் சிலர் சட்டையால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். அந்த லாரியில் போனவர் யாரும் திரும்பி வந்து பயணம் எப்படி இருந்தது என்று சொன்னதில்லை.

எல்லாரும் அடையாள அட்டையை நீட்டினார்கள். பைபிள்காரரிடம் அட்டை இல்லை.

"வீடு எரிஞ்சப்ப அதுவும் எரிஞ்சிருச்சு சார்" என்றார் இங்கிலீஷில்.

"என்ன உளர்றான்?" என்றான் ஜெண்டார்ம் பிரெஞ்சில். பதில் வராததால் அவரைச் சட்டையைப் பிடித்து இறக்கி, மண்ணில் உட்கார வைத்து, பூட்சைக் கழற்றச் சொன்னான். பூட்சைக் கழற்றச் சொன்னால் அடுத்தது லாரிதான். சாலைக்கே தெரிந்த வரிசை அது.

அவாசும் கண்ணாடியில் ஸ்விரியைப் பார்த்தான். பின்சீட்டு மொத்தமும் பார்த்தது. யார் எதற்காகப் பார்க்கிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. பேசு என்றா, பேசுகிறாயா பார்ப்போம் என்றா?

ஒரு பூட்ஸ் கழன்றது. இன்னொன்றின் கயிறு சிக்கிக்கொண்டு அவர் விரல் நடுங்கியது.

ஸ்விரி தாடைத் துணியை அவிழ்த்தாள். கதவைத் திறந்து இறங்கி, நல்ல தெளிவான பிரெஞ்சில், அந்த மனுஷரைக் கிழி கிழியென்று கிழித்தாள்.

"பாருங்க தலைவரே, இதுக்கா எங்கக்காவக் கட்டிக் குடுத்தோம்? கல்யாணத்தன்னிக்கே மோதிரத்தத் தொலைச்ச ஆளு! இன்னிக்குக் கார்டு. நாளைக்கு எங்கக்காவையே எங்கயாவது வச்சிட்டு வந்துருவாரு. இவர லாரில ஏத்துங்க, எனக்குச் சந்தோஷம்தான். ஆனா அவ பிள்ளைங்களோட எங்க வீட்டுல வந்து உக்காந்துட்டா, சோறு யாரு போடறது, நீங்களா?"

ஜெண்டார்மின் முகம் தளர்ந்தது. பக்கத்தில் நின்றவனும் சிரித்துவிட்டான்.

"இவ்ளோ நல்லாப் பேச எங்க கத்துக்கிட்டீங்கம்மா?"

"ம்பூடாவுல, அடி வாங்கி."

"எனக்கும் அந்தப் பக்கந்தான். போங்க. அடுத்த தடவ கார்டு இல்லாம வந்தா, அக்கா புருஷனா இருந்தாலும் விடமாட்டேன்."

வண்டி நகர்ந்தது. யாரும் நன்றி சொல்லவில்லை. சாண்டா என்கிற ஊர் கழியும்வரை பைபிள்காரர் பூட்ஸ் கயிற்றை நிதானமாக முடிந்துகொண்டே வந்தார். விரல் இப்போது நடுங்கவில்லை.

"நல்லாப் பேசறீங்க மா" என்றார் மெல்ல, அவளுக்கு மட்டும் கேட்கிறமாதிரி. "காட்டுல எம் பசங்க சொன்னாங்க, இப்படி ஒரு பொம்பள இருக்கான்னு. நான் நம்பல. சரி, நாமளே ஒருதடவ போய்ப் பாத்துருவோம்னு வந்தேன்."

"ஒங்க உசுரக் காப்பாத்தத்தான் பேசினேன், ஐயா."

"அதுவும் சரிதான். ஆனா அவன் சிரிச்சான் பாத்தீங்களா? எங்க ஆளுங்களப் பாத்து அவனுங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல. என்ன சொல்லிச் சிரிக்க வச்சீங்க?"

"எங்கக்கா புருஷன்னு சொன்னேன்."

"அப்படித்தான் சொன்னீங்களா?" என்றார். கேலியில்லை, உண்மையாகவே கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்குத் தெரியாதே மா. அதான் என்ன பண்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வரேன்."

யோசிக்கட்டும் என்று அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தன் ஊரான அக்கூமில் இறங்கக் கூடாது. பாமெண்டாவரைக்கும் போய், கூட்டத்தில் கலந்து, இருட்டினபின் வேறு வண்டியில் திரும்ப வேண்டும். வீடு எதுவென்று இவருக்குத் தெரியாதவரை மூச்சு விட இடமிருக்கிறது. யூக்கலிப்டஸ் வரிசை வந்தது. தேவாலயம் வந்தது. தன் வீட்டின் நீல வாசற்கதவு தெரிந்தபோது முகத்தைத் திருப்பாமல் நேரே சாலையைப் பார்த்தாள்.

வண்டி மெதுவானது. நின்றது.

அவாசும் முகமெல்லாம் நன்றியோடு ஓடிவந்து கதவைத் திறந்துவிட்டான். அப்படி அவன் என்றைக்கும் செய்ததில்லை. "தூங்கிட்டீங்களா மா? ஒங்க வீடு வந்திருச்சு!"

"நீங்க எறங்குங்க" என்றார் பைபிள்காரர். தானே முந்தி இறங்கி, கீரைக் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, நீலக் கதவை நோக்கி நடந்தார்.